ஜூமைத் தொடாதீர்கள்! – கேமரா கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல். ராத்திரியில் எடுத்தால் படம் சரியாக விழமாட்டேன் என்கிறதாம். எல்லாருமே சட்டைப் பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமராக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகை என்றாலே மழை, கல்யாணம், விளக்கு. அதனால் இந்த இதழை முழுக்க இருட்டுக்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: கும்பகோணத்தில் 27 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்து, இப்போது ஷட்டரை இறக்கிவிட்டவன் நான். கடை ஷட்டரைச் சொல்கிறேன். இன்னொரு ஷட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பகலில் மொட்டை மாடியில் எடுத்தால் கண்ணாடி மாதிரி வருகிறது. அதே கேமரா, அதே பேரன், சாயங்காலம் கூடத்தில் எடுத்தால் முகமெல்லாம் ரவை தூவினாற்போல இருக்கிறது. 16 மெகாபிக்சல் கேமரா ஐயா! ஏன் இப்படி?
– வாசகர், விருதுநகர்

அந்த 16 மெகாபிக்சல்தான் பாதி வினை. சொல்கிறேன்.

கேமராவுக்குள் படம் விழுகிற சென்சார் எவ்வளவு பெரிது தெரியுமா? சாதாரண சின்னக் கேமராக்களில் சுமார் 6 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. உயரம். உடைத்த துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கல்யாண வீட்டு போட்டோகிராபர் கழுத்தில் தொங்குவது ஃபுல் ஃப்ரேம் கேமராவாக இருந்தால் அதில் 36-க்கு 24 மி.மீ. பரப்பளவில் கணக்குப் போட்டால் 30 மடங்கு.

மழை நாளில் முற்றத்தில் ஒரு அண்டாவையும், பக்கத்தில் வரிசையாக நாலைந்து டம்ளர்களையும் வைத்துப் பாருங்கள். கொட்டுகிற மழையில் எல்லாம் நிரம்பிவிடும். அது பகல் வெளிச்சம். தூறலில்தான் வித்தியாசம் தெரியும். அண்டாவில் அடி மறையும் அளவுக்காவது தண்ணீர் சேர்ந்திருக்கும். டம்ளர்களில் ஒன்றில் நாலு சொட்டு, அடுத்ததில் ஏழு, அதற்கடுத்ததில் இரண்டு என்று கிடக்கும். வானம் ஓரவஞ்சனை செய்யவில்லை, தூறல் அப்படித்தான் விழும். வெளிச்சமும் துளித்துளியாகத்தான் வந்து விழுகிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே வருகிற அந்த ஏற்றத்தாழ்வைத்தான் பேரன் முகத்தில் ரவையாகப் பார்த்தீர்கள். பருப்பு அளவு இடத்தில் 1 கோடியே 60 லட்சம் டம்ளர் அடுக்கினால் ஒவ்வொரு டம்ளரும் எத்தனை சின்னதாக இருக்கும்!

ஐ.எஸ்.ஓ. என்கிற உணர்திறன் எண்ணை 1600, 3200 என்று ஏற்றினால் கூடுதல் வெளிச்சம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. அது மைக்செட்காரர் வால்யூமைத் திருகுகிற வேலை. பாட்டும் ஏறும், கரகரப்பும் ஏறும். உங்களுடையதுபோன்ற கேமராவில் 400 வரை தாராளமாகப் போகலாம், 800 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டுக்குத்தான் ஆகும். ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வுக்கு உச்சவரம்பு வைக்க மெனுவில் வழி இருந்தால் 800-ல் நிறுத்திவிடுங்கள். பிலிம் காலத்தில் எங்களுக்கு 400 ரோல் என்பதே ஆடம்பரம். விலை கூடுதல் என்று கல்யாணத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வாங்குவோம்.

இன்னொன்று. பேரன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான்? சோபா எப்படிக் கிடக்கிறதோ அப்படித்தான் நாம் குழந்தையை உட்கார வைக்கிறோம். டியூப் லைட் அவன் தலைக்குப் பின்னால் இருந்தால் எந்தக் கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது. விளக்கைப் பார்த்து உட்கார வைத்து, நீங்கள் விளக்கின் பக்கமாக வந்து எடுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ரவை போய்விடும்.

தங்கை மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தை மூன்றாவது வரிசையிலிருந்து ஜூம் செய்து எடுத்தேன். 11 படங்கள். எல்லாமே கலங்கல். கை நடுங்குகிறவள் இல்லை நான். கேமராவில் கோளாறா?
– வங்கி ஊழியர், நாமக்கல்

கேமராவில் கோளாறு இல்லை, அம்மா. இந்தத் தப்பை என்னைவிட அழகாகச் செய்தவர் யாரும் இருக்க முடியாது. 2010-ல் என் மைத்துனர் மகன் கல்யாணம். வேலைக்குப் போகாமல் சொந்தக்காரனாகப் போன கல்யாணம், அதனால் பெரிய கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். சட்டைப் பையில் சின்னது. பந்தியில் இடம் பிடிக்க வசதியாகப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து நின்று ஜூமை முழுக்க இழுத்தேன். மூன்று முடிச்சும் மூன்று கோடாக வந்தது. ஸ்டூடியோக்காரர் எடுத்த படம் என்று வீட்டில் எல்லாரும் ஆசையாகக் கேட்டார்கள். கார்டு கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னேன். இன்றைக்குத்தான் உண்மையைச் சொல்கிறேன். மைத்துனர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்கிற தைரியம்.

உங்கள் கேமராவை எடுத்து லென்ஸைச் சுற்றியோ, அதன் முகப்பிலோ எழுதியிருப்பதைப் படியுங்கள். 1:2.0-4.9 என்றோ, 1:3.5-5.6 என்றோ இருக்கும். முதல் எண் ஜூம் இல்லாதபோது லென்ஸ் எவ்வளவு வாய் திறக்கும் என்பது. இரண்டாவது, ஜூமை முழுக்க இழுத்தபோது. எண் பெரிதானால் வாய் சின்னது. என்னுடையது 2.0-4.9. அதாவது ஜூம் இழுத்ததும் உள்ளே வருகிற வெளிச்சம் ஆறில் ஒரு பங்காகிவிடும். ஜூம் இல்லாமல் ஷட்டர் கதவை 1/30 விநாடி திறந்து எடுத்திருக்க வேண்டிய படத்துக்கு இப்போது 1/5 விநாடி தேவைப்படுகிறது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஜூம் பொருளைப் பெரிதாக்குகிற மாதிரியே கை அசைவையும் பெரிதாக்கும். எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. ஃபுல் ஃப்ரேம் கணக்கில் லென்ஸ் 28 மி.மீ. என்றால் 1/30-க்குக் குறையாமல், 100 மி.மீ. என்றால் 1/100-க்குக் குறையாமல் ஷட்டர் இருந்தால் கையில் வைத்து எடுக்கலாம். ஜூம் இழுத்ததும் 1/100 தேவை, கிடைப்பதோ 1/5. இருபது மடங்கு பள்ளம். கேமராவுக்குள் இருக்கிற அசைவுத் தடுப்பு ஓரளவு கைகொடுக்கும், ஆனால் அது உங்கள் கை அசைவை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். மாப்பிள்ளையின் கை நடுங்குவதற்கு அதனிடம் மருந்து இல்லை. அன்றைக்கு எந்த மாப்பிள்ளைக்குத்தான் கை நடுங்கவில்லை?

என்ன செய்யலாம்? ஜூமைத் தொடாதீர்கள். கால் இருக்கிறது, நடந்து முன்னால் போங்கள். மணமேடைக்கு முன்னால், கொஞ்சம் ஓரமாக, தரையில் உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்தால் கை நிற்கும், பின்னால் இருப்பவர்களும் திட்டமாட்டார்கள். அப்புறம் தொழில் ரகசியம் ஒன்று: வீடியோக்காரர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அவருடைய உதவியாள் ஒரு பையன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த வெளிச்சம் மண்டபத்து வெளிச்சத்தைவிடப் பல மடங்கு. அதற்குக் காசு கொடுத்தது பெண் வீடு, நீங்களும் பெண் வீடு, தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அந்த விளக்கு விழுகிற பக்கமாக நின்று, தொடர் படம் எடுக்கும் பர்ஸ்ட் மோடில் வைத்து, கெட்டிமேளம் தொடங்கும்போதே அழுத்த ஆரம்பித்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். அட்சதை பறக்கிற நேரத்தில் ஃப்ளாஷ் அடித்தால் கேமராவுக்குப் பக்கத்தில் பறக்கும் அரிசியெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தாலிக்கு முன்னால் நிற்கும்.

மகளுக்கு அரங்கேற்றம். மேடை வெளிச்சம் பிரமாதமாக இருக்கும் என்கிறார்கள். ஒத்திகையில் எடுத்துப் பார்த்தேன். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டது. கையும் காலும் ஆவி மாதிரி பரவுகிறது.
– தந்தை, சேலம்

பின்னால் கறுப்புத் திரை கட்டியிருப்பார்கள், சரிதானே? கேமரா புத்திசாலி என்று நினைக்கிறோம். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மொத்தப் படத்தையும் நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. முக்கால் படம் கறுப்பு என்றதும் ‘ஐயோ இருட்டு’ என்று வெளிச்சத்தை அள்ளிப் போடுகிறது. போட்டதில் மகளின் முகம் வெந்துபோகிறது. பிளஸ்-மைனஸ் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதில் மைனஸ் 1 வையுங்கள். முகம் இன்னும் வெளுத்தால் மைனஸ் 1.3. இதில் ஒரு லாபமும் உண்டு. வெளிச்சத்தைக் குறைக்கும்போது ஷட்டர் வேகம் இரட்டிப்பாகிறது, பரவலும் குறைகிறது.

ஜதி ஓடும்போது எடுக்காதீர்கள். சின்னக் கேமராவுக்கு அது எட்டாத வேகம். தீர்மானம் என்கிற முடிப்பு ஆட்டம் முடிந்து, தாளத்தின் முதல் தட்டான சமத்தில் வந்து நிற்கிற இடத்தில் ஒரு கணம் உடம்பு அப்படியே நிற்கும். முகத்தில் அப்போதுதான் ஒரு வெற்றிச் சிரிப்பும் வரும். அந்த இடத்தில் 1/60 கூடப் போதும். தில்லானாவில் சிலை மாதிரி நிற்கிற இடங்கள் நிறைய வரும். எங்கெங்கே நிற்பாள் என்று மகளிடமே கேளுங்கள். நூறு தடவை ஆடிப் பழகியிருப்பாள், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தால் 20 படத்தில் 15 தேறும்.

மேடையில் எல்.இ.டி. விளக்கு என்றால் இன்னொரு தொல்லை வரலாம். படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100-ல் நிறுத்துங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். விளக்குப் போடுகிறவரிடம் முன்கூட்டியே பேசி, ஊதாவும் சிவப்பும் கலந்து கொட்டாமல் முகத்துக்கு வெள்ளை விளக்குப் போடச் சொல்லுங்கள். ஊதா வெளிச்சத்தில் குளித்த முகத்தை எந்தக் கம்ப்யூட்டரிலும் மீட்க முடியாது. ஃப்ளாஷ் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடுகிற பிள்ளையின் கண்ணில் அடிப்பது பாவம். பத்தாவது வரிசைக்கு அது எட்டவும் எட்டாது.

ஃப்ளாஷ் அடித்தால் எல்லாருக்கும் கண் சிவப்பு. மாட்டுக்கு மட்டும் பச்சை. ஏன்?
– 7-ஆம் வகுப்பு மாணவன், திருவாரூர்

சபாஷ், மாட்டையும் எடுத்துப் பார்த்திருக்கிறாய். மனிதர் கண்ணுக்குள் போன வெளிச்சம் பின்சுவரில் இருக்கும் ரத்தக்குழாய்களில் பட்டுத் திரும்பும்போது சிவப்பாகத் தெரிகிறது. மாட்டுக்கு அந்தச் சுவரில் கண்ணாடிபோல ஒரு படலம் உண்டு, இருட்டில் புல் மேய உதவியாக. அதில் பட்டுப் பச்சையாகத் திரும்புகிறது. சின்னக் கேமராவில் ஃப்ளாஷ் லென்ஸுக்கு ஒட்டி இருப்பதால்தான் இந்த வம்பு. அறையில் இன்னொரு விளக்கைப் போட்டு கண்மணி சுருங்கிய பிறகு எடு, மனிதர்களுக்குக் குறையும்.

மாமியார் தவறி 16-ஆம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் குடும்பத்தோடு கூடத்தில் படம் எடுத்தோம். படத்தில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் மிதக்கின்றன. ஒன்று சரியாக மாமியார் உட்காரும் நாற்காலிக்கு மேல். வீட்டில் சிலர் ஒருமாதிரி பேசுகிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை.
– வாசகி, ஊர் பெயர் வேண்டாம்

முதலில் தூங்குங்கள் அம்மா. அன்று காலையில் அந்தக் கூடத்தில் ஹோமம் நடந்திருக்கும். புகை, சாம்பல், பெருக்கித் தள்ளிய தூசி, போதாததற்கு உறவுக்காரர்கள் உதறிய பாய், ஜமக்காளம். அந்தத் தூசி காற்றில் வெகுநேரம் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளாஷ் அடித்ததும் லென்ஸுக்கு ஒரு ஜாண் முன்னால் மிதக்கிற தூசித் துகள் பளிச்சென்று ஒளிரும். அவ்வளவு கிட்டத்தில் இருப்பதை லென்ஸால் குவியப்படுத்த முடியாது. அதனால் புள்ளி பரவி வட்டமாகிவிடுகிறது. ஃப்ளாஷும் லென்ஸும் ஒட்டி இருக்கிற சின்னக் கேமராவில்தான் இது அதிகம். ஃப்ளாஷ் உயரத்தில் இருக்கிற பெரிய கேமராவில் எடுத்தால் அதே கூடத்தில் அநேகமாக ஒரு வட்டமும் வராது. மழைத் தூறலில் ஃப்ளாஷ் அடித்துப் பாருங்கள், நூற்றுக்கணக்கில் வரும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் வேறொரு அறையில், விளக்கை அணைத்துவிட்டு, பழைய தலையணையை இரண்டு தட்டுத் தட்டி உடனே ஃப்ளாஷ் போட்டு எடுங்கள். வீட்டில் ஒருமாதிரி பேசுகிறவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். என் ஸ்டூடியோவுக்கு இதே பயத்தோடு நாலைந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. தலையணையைத் தட்டிக் காட்டித்தான் அனுப்பினேன்.

தஞ்சைப் பெரிய கோயிலை விளக்கு வெளிச்சத்தில் எடுக்க ஆசை. ஸ்டாண்டு கொண்டுபோகலாமா? கையில் வைத்து எடுத்தால் ஆடுகிறது.
– கல்லூரி மாணவர், ஒரத்தநாடு

தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிற இடங்களில் ஸ்டாண்டு வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம். மஞ்சப்பை கொண்டுபோ. அதில் ஒரு கிலோ இட்லி அரிசி போட்டு வாயைக் கட்டிவிடு. திண்ணை, கைப்பிடிச் சுவர், படிக்கட்டு, எது கிடைக்கிறதோ அதன்மேல் பையை வைத்து நடுவில் ஒரு குழி பண்ணிக் கேமராவை உட்கார வை. பெற்ற தாய் மடிகூட அப்படிப் பிடிக்காது. பச்சரிசியைவிட இட்லி அரிசி தேவலை, குண்டாக இருப்பதால் தூசி குறைவு. இதை அனுபவத்தில் சொல்கிறேன். திரும்பி வந்து அரிசியை வீட்டில் கொடுத்துவிடலாம், நஷ்டம் இல்லை.

வைத்த பிறகு விரலால் பொத்தானை அழுத்தினால் அந்த அழுத்தலிலேயே ஆடும். செல்ஃப் டைமரில் 2 விநாடி என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டு அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடு. கேமரா அசையாமல் உட்கார்ந்த பிறகு ஐ.எஸ்.ஓ. எதற்கு 800? 100-க்கு இறக்கு. ஷட்டர் 1 விநாடியோ 2 விநாடியோ ஆகட்டும், 216 அடி விமானம் எங்கும் ஓடிவிடாது. குறுக்கே நடக்கிறவர்கள்கூட அந்த இரண்டு விநாடியில் கரைந்துபோவார்கள். கருவறைப் பக்கம் மட்டும் கேமராவை எடுக்காதே.

நேரம்தான் முக்கியம். முழு இருட்டில் எடுத்தால் வானம் தார் பூசினாற்போல இருக்கும், விமானம் தனியாக மிதக்கும். சூரியன் மறைந்து 15 நிமிடத்திலிருந்து 25 நிமிடத்துக்குள் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். விளக்கும் போட்டிருப்பார்கள். மஞ்சள் கல்லும் நீல வானமும் சம எடையில் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு மணி நேரம் முன்பே போய் இடம் பார்த்து வைத்துக்கொள். 1930-களில் பாரீஸ் தெருக்களை இரவில் படமெடுத்த பிரசாய் என்கிறவர், எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைப்பது என்பதைச் சிகரெட்டை வைத்து அளந்தாராம். கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் ஒருவகைச் சிகரெட், ரொம்ப இருட்டு என்றால் பெரிய சிகரெட். நீ அதையெல்லாம் பழகாதே. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதும்.

கையில் அரிசியும் இல்லை என்றால்? கேமராவின் அடியில் ஸ்டாண்டு மாட்டுகிற துளை இருக்கும். கால் அங்குல போல்ட் ஒன்றை ஹார்டுவேர் கடையில் கேமராவைக் காட்டியே வாங்கு (நீளம் குறைவாக இருக்கட்டும், உள்ளே போய் முட்டக் கூடாது). அதில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடி. கயிறு விறைப்பாக இருக்கிறவரை மேலும் கீழும் ஆடாது. 1/8 விநாடி வரை எடுத்துவிடலாம்.

ராத்திரிப் படம் போனிலேயே நன்றாக வருகிறதே. சின்னக் கேமரா எதற்கு?
– வாசகர், ஓசூர்

நியாயமான கேள்வி. நைட் மோடில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. விருதுநகர்க்காரருக்குச் சொன்ன தூறல் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே டம்ளரில் ஆறு தடவை பிடித்துச் சராசரி பார்த்தால் ஏற்றத்தாழ்வு தானாகக் குறையும் இல்லையா? இதையே சோனி சின்னக் கேமராக்களில் ‘ஹேண்ட்-ஹெல்ட் ட்வைலைட்’ என்ற பெயரில் போனுக்கு முன்பே கொடுத்தார்கள், ஆறு படம் எடுத்து ஒன்றாக்கும். டயலில் நிலாவும் கையும் மாதிரி ஒரு படம் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஓடுகிற பிள்ளைக்கு இரண்டு முறையுமே உதவாது. அங்கே கேமராவின் நிஜ ஃப்ளாஷ்தான் ராஜா. கண்ணிமைக்கும் நேரத்தில் அடித்து முடித்துவிடுவதால் பிள்ளை குதித்த இடத்திலேயே நிற்கும். போனில் இருப்பது ஒரு டார்ச், அதனால் அது முடியாது. மூன்று மீட்டருக்குள் நின்று அடியுங்கள், அதற்கு மேல் வீண்.

அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமரா பீரோவில் கிடந்தது. 2007-ல் வாங்கியதாம். தோழிகள் எல்லாரும் இப்போது இந்தமாதிரி கேமராவுக்கு அலைகிறார்கள். ராத்திரி பார்ட்டியில் எடுக்கலாமா?
– கல்லூரி மாணவி, கோவை

நான் காயலான் கடைக்குப் போட்டவற்றையெல்லாம் இப்போது நினைத்து வயிறு எரிகிறது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பார், உப்பியிருந்தால் சார்ஜில் போடாதே. அடுத்தது கார்டு. அந்தக் காலத்துக் கேமராக்கள் சில 2 ஜி.பி.க்கு மேல் படிக்காது, 64 ஜி.பி. கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா செத்துவிட்டது என்று அழாதே. லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை.

பார்ட்டிக்கு? பெரும்பாலும் உள்ளே இருப்பது பழைய சி.சி.டி. சென்சார். இருட்டில் அது திணறும். 2009-லிருந்துதான் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பிடிக்கிற புதுவகை சென்சார்கள் சின்னக் கேமராவுக்கு வந்தன. ஆனால் உன் தோழிகள் தேடுவது அந்தத் திணறலைத்தான் என்று நினைக்கிறேன். முகம் பளிச், பின்னால் கும்மிருட்டு. அது வேண்டுமானால் ஃப்ளாஷ் போட்டு ஆளுக்கு இரண்டு மீட்டரில் நின்று அடி. பின்னால் இருக்கிற சீரியல் செட்டும் தெரிய வேண்டுமா, ‘ஸ்லோ சிங்க்’ அல்லது ‘நைட் போர்ட்ரெய்ட்’ போடு. ஃப்ளாஷ் அடித்த பிறகும் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், அதுவரை யாரும் அசையக் கூடாது. கல்லூரிப் பெண்கள் அசையாமல் நிற்பது நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம்.

இருட்டுக்கென்றே பழைய கேமரா வாங்குவதாக இருந்தால் பானாசோனிக் எல்.எக்ஸ்.3 (2008), கேனான் எஸ்95 (2010), சோனி ஆர்.எக்ஸ்.100 (2012) மூன்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதைப் பார். எல்.எக்ஸ்.3-ன் லென்ஸ் 2.0-2.8, ஜூம் இழுத்தாலும் வாயை அதிகம் மூடாது. சோனியின் சென்சார் விருதுநகர்க்காரரின் பருப்பைப்போல் நாலு மடங்கு.

கார்த்திகை அன்று வாசலில் 27 அகல் வைத்து, மகளை உட்கார வைத்து எடுக்க வேண்டும். போன வருடம் விளக்கெல்லாம் வெள்ளைப் பந்து, மகள் முகம் கறுப்பு. ஃப்ளாஷ் போட்டால் விளக்கு எரிகிற மாதிரியே தெரியவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

ஃப்ளாஷை மறந்துவிடுங்கள். 27 அகலையும் கோலம் முழுக்கப் பரப்பி, மகளைப் பின்னால் உட்கார வைத்திருப்பீர்கள். முகத்துக்கு எந்த விளக்கும் கிட்டத்தில் இல்லை. விளக்கு வெளிச்சம் தூரத்தில் சட்டென்று செத்துவிடும். ஒரு அடியில் இருக்கிற விளக்கை மூன்று அடிக்குத் தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்குதான் முகத்தில் விழும். கோலத்தில் 20 இருக்கட்டும். மீதி ஏழு விளக்கை எடுத்து ஒரு தாம்பாளத்தில் நெருக்கமாக வைத்து, அதை மகளுக்கு ஒன்றரை அடி முன்னால், ஒரு மணைமேல் வையுங்கள். அவள் கையில் ஒரு விளக்கைக் கொடுத்து அந்த ஏழில் ஒன்றை ஏற்றுகிற மாதிரி குனியச் சொல்லுங்கள். பட்டுப் பாவாடை, தாவணி முந்தி எல்லாம் ஒதுங்கியிருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். முகத்தின் மறுபக்கம் இருண்டு கிடந்தால் வீட்டுக்காரரை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். படத்துக்கு வெளியே நிற்க வேண்டும். அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமே போதும்.

அந்தி வானம் நீலமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், தஞ்சைக்குச் சொன்ன அதே நேரம். நிறத்தைச் சரிக்கட்டுகிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா விளக்கின் மஞ்சளைக் கழுவி ஆஸ்பத்திரி வெளிச்சமாக்கப் பார்க்கும். மெனுவில் சூரியன் படம் போட்டதில் வையுங்கள். பிளஸ்-மைனஸ் பொத்தானில் மைனஸ் 0.7, ஐ.எஸ்.ஓ. 400. மணையிலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி முழங்கையை அதில் ஊன்றிக்கொள்ளுங்கள். குவியத்தைச் சுடரில் வைக்காதீர்கள், ஆடுகிற சுடரில் கேமரா தடுமாறும். விளக்கு வெளிச்சம் விழுகிற புருவம், கண் ஓரத்தில் பாதி அழுத்தி நிறுத்தி, பிறகு முழுக்க அழுத்துங்கள். கண்ணைச் சிமிட்டுவாள், பத்துப் பன்னிரண்டாவது எடுங்கள். ஜூமைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டாம்.

நாகர்கோவில் பக்கம் காற்று பொல்லாதது. நீங்கள் கேமராவைச் சரிசெய்து முடிப்பதற்குள் கோலத்தில் நாலு விளக்கு அணைந்திருக்கும். எண்ணெய்க் கிண்ணமும் திரியுமாக ஒரு ஆளைத் தனியாக அதற்கென்றே போட்டுவிடுங்கள்.